புள்ளி இல்லாத எழுத்துகள்: நாணயவியல் அறிஞர் ஃபிரேனின் வாழ்வும் பணியும்

ருசிய நாட்டில் வோல்கா நதியை ஒட்டிய காஸான் நகரில் 1808ஆம் ஆண்டு ஒரு சிறு நூல் அச்சேறியது. சாமானி, புவைஹி என்னும் இரு அரச மரபினர் நடு ஆசியாவிலும் பாரசீகத்திலும் வெளியிட்ட சில காசுகளைப் பற்றிய விளக்க நூல் அது. எழுதியவர் ஜெர்மானியர். படிக்க வேண்டியவர்கள் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் புலவர்கள். அக்காலத்தில் அத்தகைய நூல் லத்தீன் மொழியில் எழுதப்படுவதே மரபு. எனினும் அந்நூல் அரபு மொழியில் எழுதப்பட்டிருந்தது. புலமையைக் காட்டும் ஆசையால் நேர்ந்ததன்று அது. காஸான் அச்சகத்தில் அவருக்குக் கிடைக்க லத்தீன் அச்செழுத்துகள் இல்லை. தாத்தாரிய முஸ்லிம்களுக்காகத் திருக்குர்ஆனும் சமய நூல்களும் அச்சிட்டு வந்த ஊராதலால் அரபு அச்செழுத்துகள் இருந்தன. கையில் இருந்த எழுத்தைக் கொண்டு கையில் இருந்த பொருளை எழுதினார் அந்த இளைஞர். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு.

கிறிஸ்டியான் மார்ட்டின் ஃபிரேன் என்பது அவர் பெயர். இஸ்லாமிய நாணயங்களைப் பற்றிய ஆய்வு இன்று தனக்கென முறைகளும் வரம்புகளும் கொண்ட ஒரு துறையாக விளங்குகிறது. அத்துறைக்கு அடிக்கல் நாட்டியவர்களைச் சொல்லும்போது முதலில் எழும் பெயர் அவருடையது. பிரபுக்களின் அலமாரியில் வேடிக்கைப் பொருளாகக் கிடந்த காசுகள், எந்த நூலும் சொல்லாத செய்தியைச் சொல்லும் சாட்சிகளாக எழுந்து நின்றது பெரிதும் அவர் உழைப்பால்தான்.

பால்டிக் கடலோரத்துத் துறைமுக நகரான ரோஸ்டாக்கில் 1782ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் ஃபிரேன் பிறந்தார். 1419இல் தோன்றிய பழம்பெரும் பல்கலைக்கழகம் ஒன்று அந்நகரில் உண்டு. அங்கே கீழைத்தேய மொழிகளைக் கற்பித்தவர் ஓலாஃப் கெர்ஹார்ட் டிக்ஸென். எபிரேயம், அரபு முதலிய மொழிகளில் பெரும்புலவர். முகம்மதிய நாணயங்களுக்கு அறிமுகமாக 1794இல் ஒரு லத்தீன் நூல் எழுதியவர். ஃபிரேனுக்குக் காசைக் கையில் எடுத்துக் கொடுத்தவர் அவரே. ஆசிரியரிடமிருந்து மாணவர் கற்றது காசு மட்டுமன்று என்றே தோன்றுகிறது.

டிக்ஸென் புகழின் மேல் அப்போது ஒரு கறை படிந்திருந்தது. சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் ஜுசெப்பே வெல்லா என்னும் மால்டாப் பாதிரியார் ஒருவர் இருந்தார். மடாலயம் ஒன்றிலிருந்த பழைய அரபு ஏடு தீவின் பழைய அரபு ஆட்சியாளர்களின் கடிதத் தொகுப்பு என்று அவர் சொல்லிவிட்டார். உண்மையில் அது நபிகள் நாயகத்தின் வாழ்க்கை வரலாறு. சொன்ன பொய்யைக் காப்பாற்ற மேலும் மேலும் புனைந்து, இல்லாத கடிதங்களுக்கு மொழிபெயர்ப்பும் வெளியிட்டார் வெல்லா. ஐரோப்பா அவரை நம்பியதற்கு ஒரு பெரிய காரணம் டிக்ஸென் அவரை நம்பியது. தொலைவிலிருந்து கடிதம் வழியாகவே அப்புலவர் அவருக்குச் சான்றளித்தார். ரொசாரியோ கிரகோரியோ என்னும் சிசிலி அறிஞர் ஐயத்தை விடாமல் தொடர்ந்ததால் பொய் வெளிப்பட்டு, 1796இல் வெல்லா தண்டிக்கப்பட்டார். அதற்குப் பின் சில ஆண்டுகளில்தான் ஃபிரேன் டிக்ஸெனிடம் மாணவராக வந்து அமர்ந்தார். பெரும்புலவர் ஒருவர், தாம் நேரில் காணாத எழுத்துக்குச் சான்று கூறினால் என்ன நேரும் என்பதற்குக் கண்முன் எடுத்துக்காட்டு இருந்தது. பிற்காலத்தில் ஃபிரேன் ஒவ்வொரு காசிலும் உள்ள எழுத்தை உள்ளவாறே பதிவு செய்வதில் காட்டிய பிடிவாதத்திற்கு வேர் எங்கே இருந்தது என ஊகிப்பது கடினமன்று. ஆயினும் ஆசிரியரின் பிழையைச் சுட்டி மாணவரை உயர்த்துவது முறையாகாது. டிக்ஸென் இல்லையேல் ஃபிரேனும் இல்லை.

ரோஸ்டாக்கை அடுத்து கோட்டிங்கன், டூபிங்கன் ஆகிய இடங்களில் அவர் கல்வி தொடர்ந்தது. 1804இல் சுவிட்சர்லாந்து சென்று, கல்விச் சீர்திருத்தத்தால் உலகப் புகழ் பெற்ற பெஸ்டலாஸியின் பள்ளியில் லத்தீன் ஆசிரியராகப் பணியாற்றினார். 1806இல் ஊர் திரும்பினார். அந்த ஆண்டின் இறுதியில் நெப்போலியனின் படைகள் மெக்லன்பர்க் நாட்டை, அதாவது ரோஸ்டாக் அமைந்திருந்த நாட்டை, பிடித்துக்கொண்டன. படித்த இளைஞருக்கு அங்கே வழி ஏதும் தெரியவில்லை. மறு ஆண்டு காஸான் பல்கலைக்கழகத்தில் கீழைத்தேய மொழிகளுக்கான பேராசிரியர் பதவி வந்தது. ஏற்றுக்கொண்டு புறப்பட்டார்.

காஸான் ஒரு காலத்தில் தாத்தாரியக் கான்களின் தலைநகரம். 1552இல் நான்காம் இவான் அதைக் கைப்பற்றினான். அதன்பின் தேவாலயக் கோபுரங்களும் மசூதிகளும் அடுத்தடுத்து நின்ற நகரமாயிற்று அது. முதலாம் அலெக்சாந்தர் மன்னர் 1804இல் அங்கே பல்கலைக்கழகம் நிறுவினார். கற்பிக்க ஆள் போதாமையால் ஜெர்மன் நாட்டிலிருந்து அறிஞர்கள் வரவழைக்கப்பட்டனர். சிறுவனாக இருந்த காஸுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்த பார்டெல்ஸ் 1808இல் அங்கே வந்து சேர்ந்தார். ஃபிரேன் வந்த அதே 1807ஆம் ஆண்டில் மாணவராகச் சேர்ந்த லோபசெவ்ஸ்கி, பின்னாளில் யூக்ளிடின் வடிவியலுக்கு வெளியே புதிய வடிவியல் ஒன்றைக் கண்டார். உலகின் ஓரம் என்று மேற்கு ஐரோப்பா எண்ணிய ஊர் ஒன்றில் இத்தனையும் ஒரே காலத்தில் நடந்தன.

ரோஸ்டாக்கில் காசு என்பது பெட்டிக்குள் இருந்த பொருள். காஸானில் அது மண்ணுக்குள் இருந்த பொருள். உழவர் கலப்பையில் பழைய வெள்ளிக் காசு சிக்குவது அப்பகுதியில் அரிய செய்தியன்று. நகருக்குத் தெற்கே பல்கர் என்னும் பழைய நகரத்தின் இடிபாடுகள் கிடந்தன. தாத்தாரிய, சுவாஷியப் பெண்கள் பழங்காசுகளில் துளையிட்டுத் தலையணியிலும் மார்பணியிலும் கோத்து அணிந்தார்கள். காசுமாலை அணிந்த பாட்டிமாரைக் கண்டவர்களுக்கு அக்காட்சியை விளக்கத் தேவையில்லை. அவ்வாறு கழுத்தில் ஏறிய காசுகள் ஏதோ ஒரு வகையில் தப்பின. தட்டாரின் உலைக்குச் சென்றவை வெள்ளிக் கட்டியாகிப் போயின. ஒரு புதையல் வெளிப்பட்டால், அறிஞன் அங்கே போய்ச் சேருவதற்குள் அது உருகிவிடுமா என்பதே கேள்வி. இந்தப் போட்டியில்தான் ஃபிரேனின் வாழ்நாள் கழிந்தது.

இந்தக் காசுகளின் இயல்பு பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். உரோமானியக் காசில் பேரரசனின் முகம் இருக்கும். பாரசீகத்து சாசானியக் காசில் முடியணிந்த மன்னனும் அக்கினிப் பீடமும் இருக்கும். தொடக்கத்தில் அரபு ஆட்சியாளர்களும் இவற்றையே சிறு மாற்றங்களுடன் வெளியிட்டு வந்தனர். உமையா மரபுக் கலீபா அப்துல் மாலிக், ஹிஜ்ரி 77இல், அதாவது 696–697ஆம் ஆண்டில், பொற்காசையும் ஈராண்டு கழித்து வெள்ளிக் காசையும் அடியோடு மாற்றினார். உருவம் நீங்கியது. இரு புறமும் எழுத்து மட்டுமே நின்றது. நடுவில் இறைவனின் ஒருமையைச் சொல்லும் வாசகம். விளிம்பைச் சுற்றி, எந்த அக்கசாலையில் எந்த ஆண்டில் அடிக்கப்பட்டது என்னும் குறிப்பு. வெள்ளித் திர்ஹத்தின் எடை ஏறத்தாழ மூன்று கிராம். அகலம் ஒரு விரற்கடைக்குச் சற்று மிகை. அதற்குள் இவ்வளவு எழுத்து. முகம் காட்டி ஆண்ட அரசர்களின் வரிசையில், எழுத்தைக் காட்டியே ஆண்ட ஒரு நாகரிகம் இவ்வாறு தனித்து நிற்கிறது.

காலப்போக்கில் அந்த எழுத்தோடு பெயர்களும் சேர்ந்தன. வெள்ளிக்கிழமைப் பேருரையில் ஒருவன் பெயர் சொல்லப்படுவதும், காசில் அவன் பெயர் பொறிக்கப்படுவதும் ஆட்சியுரிமையின் இரு அடையாளங்கள் எனக் கருதப்பட்டன. எனவே காசில் ஒரு பெயர் வருவதும் மறைவதும் அரசியல். நடு ஆசியாவை ஆண்ட சாமானி அரசர்கள் தம் பெயரோடு பாக்தாத் கலீபாவின் பெயரையும் பொறித்தார்கள். 946இல் புவைஹிகள் ஒரு கலீபாவைப் பதவியிலிருந்து இறக்கி வேறொருவரை அமர்த்தினார்கள். சாமானிகள் அதை ஏற்கவில்லை. பதவி இழந்தவரின் பெயரையே மேலும் சில ஆண்டுகள் தம் வெள்ளியில் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மறுப்பு கடைத்தெருவில் கைமாறிய ஒவ்வொரு காசிலும் இருந்தது.

இவ்வளவு சொல்லும் எழுத்தை வாசிப்பதுதான் இடர். கூஃபி என வழங்கும் அந்தப் பழைய எழுத்துமுறையில், அரபு எழுத்துகளை வேறுபடுத்தும் புள்ளிகள் காசுகளில் பெரும்பாலும் இடப்படுவதில்லை. புள்ளி இல்லையேல் ப, த, ந, ய ஆகிய ஒலிகளுக்குரிய எழுத்துகள் சொல்லின் இடையில் ஒன்றுபோலவே ஒரு சிறு பல்லாக நிற்கும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமலும் எகர ஏகாரங்களை வேறுபடுத்தாமலும் எழுதப்பட்ட ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்த தமிழறிஞர்கள் பட்ட பாட்டை அறிந்தோர்க்கு இது எளிதில் விளங்கும். சுவடியில் யாப்பும் எதுகையும் கைகொடுக்கும். காசில் அவை இல்லை. அரபில் ஏழைக் குறிக்கும் ஸப்உ என்ற சொல்லும் ஒன்பதைக் குறிக்கும் திஸ்உ என்ற சொல்லும் புள்ளி நீங்கினால் ஒரே வடிவம். முன்னதில் மூன்று பற்களும் பின் ஒரு பல்லும். பின்னதில் ஒரு பல்லும் பின் மூன்று பற்களும். இரண்டின் கடைசியிலும் ஒரே எழுத்து. எழுபதும் தொண்ணூறும் அவ்வாறே. ஆகவே ஹிஜ்ரி 277 என்று வாசித்ததை 297 என்றும் வாசிக்கலாம். 279 என்றும் 299 என்றும்கூட வாசிக்கலாம்.

எது சரி? காசின் மற்றொரு புறத்தைத் திருப்ப வேண்டும். கலீபா முஃதமிதின் பெயர் இருந்தால் 277. முக்ததிரின் பெயர் இருந்தால் 297. இருபது ஆண்டுப் பிழை ஒரு பெயரால் தீர்ந்தது. ஆனால் 297ஆ 299ஆ என்பது பெயரால் தீராது. இரு ஆண்டுகளிலும் அதே கலீபா, அதே சாமானி அரசர். அங்கே பற்களின் உயரத்தையும் இடைவெளியையும் பார்க்க வேண்டும்; அதே அக்கசாலையின் முன்பின் ஆண்டுக் காசுகளோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்; அப்போதும் தெளியாவிட்டால் தெளியவில்லை என எழுதிவிட வேண்டும். ஒரு காசைக் கொண்டு மற்றொரு காசைப் படிக்கும் இந்த முறைக்கு முதல் தேவை காசுகள் ஒழுங்காக வரிசைப்பட்டிருத்தல். ஃபிரேன் தம் வாழ்நாளில் செய்து முடித்தது அந்த வரிசையைத்தான்.

காஸானில் இருந்த பத்து ஆண்டுகளும் அவருக்கு விளைச்சல் மிகுந்தவை. பொடோட்ஸ்கி குடும்பத்துப் பிரபு ஒருவரின் கீழைத்தேயக் காசுத் தொகுப்பை 1813இல் விவரித்து வெளியிட்டார். அதைவிடக் குறிப்பிடத்தக்கது, வோல்கா பல்கர் மக்களின் காசுகளுடைய மிகத் தொன்மையான மூலம் பற்றி 1816இல் அவர் எழுதியது. அந்த மக்கள் பத்தாம் நூற்றாண்டில் இஸ்லாத்தைத் தழுவி, வோல்கா வணிகத்தைக் கையில் வைத்திருந்தவர்கள். தம் வரலாற்றைத் தாமே எழுதிய நூல் எதுவும் அவர்களிடமிருந்து நமக்குக் கிடைக்கவில்லை. அவர்களைப் பற்றி அரபுப் பயணிகள் சொன்னதும் ருசிய வரலாற்றுக் குறிப்புகள் சொன்னதும் உண்டு; அவர்கள் சொன்னது இல்லை. ஆனால் காசு அடித்தார்கள். முதலில் சாமானிக் காசுகளைப் பார்த்து அதே போல அடித்தார்கள். பிறகு பல்கர், சுவார் என்னும் தம் ஊர்ப் பெயர்களோடும் தம் அரசர்களின் பெயர்களோடும் அடித்தார்கள். 1832இல் ஃபிரேன் அத்தகைய மூன்று காசுகளைத் தனியே ஆராய்ந்து எழுதினார். தாலிப் இப்னு அஹ்மத், மூமின் இப்னு அஹ்மத் போன்ற அரசர்களை இன்று வரலாறு அறிந்திருப்பது அக்காசுகளால்தான். வேறெங்கும் எழுதப்படாத பெயர் ஒன்றை வெள்ளித் துண்டின் ஓரத்தில் முதன்முதலாக ஒருவர் எழுத்துக்கூட்டி வாசிக்கும் அந்தக் கணத்தை, சொல்லோடு பழகுவோர் நினைத்துப் பார்க்கத் தகும்.

1815இன் இறுதியில் டிக்ஸென் மறைந்தார். அவர் இருக்கைக்கு ரோஸ்டாக் பல்கலைக்கழகம் ஃபிரேனை அழைத்தது. பிறந்த ஊர், தாய்மொழி, ஆசிரியரின் நாற்காலி. மறுக்க யாருக்கும் மனம் வராத அழைப்பு. 1817இல் காஸானை விட்டுப் புறப்பட்டார். வழியில் தலைநகரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க் இருந்தது. அங்கே அறிவியற் கழகத்தில், மகா பீட்டர் காலம் முதல் சேர்ந்த கீழைத்தேயக் காசுகள் குன்ஸ்ட்காமெரா என்னும் பழைய அருங்காட்சியகத்தில் ஒழுங்குபடாமல் கிடந்தன. அவற்றைச் சீர்செய்யும் பணியில் கழகம் அவரை ஈடுபடுத்தியது; அதே ஆண்டு தன் உறுப்பினராகவும் தேர்ந்தெடுத்தது. ஃபிரேன் ரோஸ்டாக்கிற்குப் போகவில்லை. எஞ்சிய முப்பத்து நான்கு ஆண்டுகளும் நேவா நதிக்கரையிலேயே கழிந்தன. காசுகளுக்காக ஊரை விட்டுக்கொடுத்தார் என்றும் சொல்லலாம். ரோஸ்டாக்கில் இருந்திருந்தால் பேராசிரியராகி இருப்பார், இந்தத் துறை பிறக்க மேலும் ஒரு தலைமுறை காத்திருந்திருக்கும் என்றும் சொல்லலாம்.

கழகத்தின் தலைவராக அப்போது இருந்தவர் உவாரோவ். பின்னாளில் கல்வி அமைச்சராகிக் கெடுபிடிக்குப் பெயர் பெற்றவர் என்றாலும் கீழைத்தேயக் கல்வியில் அவருக்கு உண்மையான ஈடுபாடு இருந்தது. பிரெஞ்சுத் தூதராக அலெப்போவில் பணிபுரிந்த ரூசோ, புகழ்பெற்ற தத்துவ ஞானி ரூசோவின் உறவினர், ஏறத்தாழ 500 அரபு, பாரசீக, துருக்கியக் கையெழுத்துச் சுவடிகளைத் திரட்டி விற்க முன்வந்தார். ருசிய அரசு வாங்கியது. அவற்றை வைக்கவும் காக்கவும் 1818 நவம்பரில் ஆசிய அருங்காட்சியகம் தோன்றியது. முதல் பொறுப்பாளர் ஃபிரேன். 1842 வரை இருபத்து நான்கு ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். 1825இல் ரூசோவின் இரண்டாம் தொகுதியும் வந்து சேர்ந்தது. அந்த நிறுவனமே பல பெயர் மாற்றங்களுக்குப் பிறகு 2007 முதல் கீழைத்தேயச் சுவடிகள் நிறுவனம் என்ற பெயரோடு நடந்து வருகிறது.

1826இல் வெளிவந்தது அவரது பெரும்பணி. அறிவியற் கழகத்தின் முகம்மதியக் காசுகளை மரபு மரபாக வகுத்து விவரிக்கும் லத்தீன் நூல் அது. கலீபாக்கள் முதலில், அவர்களிடமிருந்து பிரிந்த அரச மரபுகள் அடுத்தடுத்து, ஒவ்வொரு மரபிலும் அரசர் வரிசை, ஒவ்வொரு அரசரிலும் அக்கசாலையும் ஆண்டும். இன்று பார்க்கையில் இதில் என்ன புதுமை என்று தோன்றும். எளிமையாகத் தோன்றும் அளவுக்கு அது எங்கும் பரவிவிட்டது என்பதே விடை. எந்த நாட்டில் எந்த மரபுக்குப் பின் எது வந்தது என்பதே அரைகுறையாகத் தெரிந்த காலத்தில், காசுகளையே துணைகொண்டு அந்த வரிசை கட்டப்பட்டது. 1832இல் பொன் பாசறை என வரலாற்றில் பெயர்பெற்ற மங்கோலியக் கான்களின் காசுகளைப் பற்றித் தனிநூல் எழுதினார். 1359க்குப் பின் அங்கே இருபது ஆண்டுகளுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட கான்கள் ஒருவரை ஒருவர் வெட்டி வீழ்த்தி ஏறி இறங்கினார்கள். எழுத்தர்கள் கணக்கு வைக்க இயலாத அந்தக் குழப்பத்தில், அரியணை ஏறியவன் மறக்காமல் செய்த ஒரு செயல் தன் பெயரில் காசு அடித்தது. சில மாதமே ஆண்டவனுக்கும் அவனுடைய காசு சான்று நிற்கிறது.

மற்றொரு கேள்வியும் அவரைத் தொடர்ந்தது. சமர்க்கந்திலும் தாஷ்கந்திலும் அடித்த காசு ருசியக் காடுகளிலும், சுவீடனிலும், பால்டிக் கரையிலும் குடம் குடமாகப் புதைந்து கிடப்பது ஏன்? இன்றுவரை பதிவானவை மட்டும் இலட்சங்களைத் தாண்டும். பல காசுகள் துண்டு துண்டாக வெட்டப்பட்டவை. எண்ணி வாங்காமல் நிறுத்து வாங்கியதன் அடையாளம். வடக்கிலிருந்து தோலும் தேனும் மெழுகும் போயின. மனிதர்களும் அடிமைகளாக விற்கப்பட்டுப் போனார்கள். மாற்றாக வெள்ளி வந்தது. ருசிய மண்ணில் எந்தெந்த இடங்களில் பழைய அரபுக் காசு வெளிப்பட்டது என்பதை ஊர்வாரியாகத் தொகுத்து 1841இல் ஃபிரேன் வெளியிட்டார். காசுகளின் ஆண்டுகளையும் அவை கிடைத்த இடங்களையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு வணிகப் பாதை வரைபடத்தில் தானாக எழுகிறது. எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி, பத்தாம் நூற்றாண்டில் பெருகி, பதினோராம் நூற்றாண்டில் வறண்டு போகும் வெள்ளி ஆறு அது.

அந்தப் பாதையில் நேரில் சென்ற ஒருவரின் குரலையும் அவரே மீட்டுத் தந்தார். 921இல் கலீபா முக்ததிர் பல்கர் அரசனிடம் அனுப்பிய தூதுக் குழுவில் இப்னு ஃபத்லான் என்பவர் இருந்தார். மறு ஆண்டு வோல்கா கரையை அடைந்த அவர், அங்கே வணிகம் செய்ய வந்திருந்த ரூஸ் என்னும் மக்களையும், இறந்த தலைவன் ஒருவனைக் கப்பலில் வைத்து எரித்த சடங்கையும் கண்ணால் கண்டபடி எழுதிவைத்தார். அவருடைய நூல் ஃபிரேன் காலத்தில் கிடைக்கவில்லை. யாகூத் என்னும் புவியியல் அறிஞர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் தம் அகராதியில் எடுத்தாண்ட பகுதிகளே இருந்தன. ஃபிரேன் அவற்றைத் திரட்டி, அரபு மூலத்தையும் ஜெர்மன் மொழிபெயர்ப்பையும் விரிவான குறிப்புகளையும் சேர்த்து 1823இல் பதிப்பித்தார். ருசிய அரசின் பெயருக்கே மூலமான அந்த ரூஸ் மக்கள் யார், ஸ்காண்டிநேவியரா, ஸ்லாவியரா என்னும் வழக்கு ருசிய நாட்டில் நெடுங்காலம் சினத்தோடு நடந்தது. அவ்வழக்கிற்குப் பத்தாம் நூற்றாண்டுச் சாட்சி ஒருவர் இவ்வாறு கிடைத்தார்.

இல்லாத நூல்களைப் பற்றி ஏங்கும் குணம் ஃபிரேனிடம் வலுவாக இருந்தது. ஐரோப்பிய நூலகங்களில் பெரும்பாலும் இல்லாத நூறு அரபு, பாரசீக, துருக்கிய நூல்களின் பட்டியல் ஒன்றை 1834இல் வெளியிட்டார். கிழக்கு நாடுகளுக்குச் செல்லும் ருசிய அதிகாரிகளும் பயணிகளும் அதைக் கையில் வைத்துக்கொண்டு தேட வேண்டும் என்பது நோக்கம். தேடுதலின் இந்த ஆர்வத்தோடு ஒரு முரணும் பின்னிக் கிடந்தது. அக்காலத்தில் சுவடிகள் பீட்டர்ஸ்பர்க்கிற்கு வந்த வழிகளில் ஒன்று போர். 1828இல் பாரசீகத்தின் அர்தபீல் நகரத்துத் தர்காவிலிருந்த புகழ்பெற்ற நூலகம் ருசியப் படையால் எடுத்துச் செல்லப்பட்டு, தலைநகரின் பொது நூலகத்தில் சேர்ந்தது. அறிவைக் காத்தது என்பார் ஒரு சாரார். கொள்ளை என்பார் மறு சாரார். அர்தபீலில் அந்த அலமாரிகள் வெறுமையாயின என்பதில் இரு சாராருக்கும் கருத்து வேறுபாடு இருக்க இயலாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். அவருடைய முதன்மை நூல்கள் லத்தீனில் இருந்தன. காசு கிடைத்த மண்ணின் மக்கள் அவற்றைப் படிக்க இயலவில்லை. காஸானில் அச்செழுத்து இல்லாமையால் நேர்ந்த அந்த அரபு நூல், தாத்தாரிய ஆலிம் ஒருவரும் எடுத்துப் படித்திருக்கக் கூடியதாக அமைந்தது ஒரு விந்தை. மேலும், அக்கால அருங்காட்சியகங்கள் எல்லாவற்றையும் போலவே, புதையலின் முழுமையை விடப் புதுவகைக் காசின் மேல் கண் மிகுதியாக இருந்தது. ஒரே வகைக் காசு நூறு கிடைத்தால் அந்த நூறு என்ற எண்ணும் சான்றுதான் என்னும் தெளிவு பின்வந்தோர்க்கே முழுமையாக ஏற்பட்டது. ஆனால் அந்தத் தெளிவுக்கு வழிகாட்டியது அவருடைய 1841ஆம் ஆண்டுத் தொகுப்பே.

நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட சிறியதும் பெரியதுமான ஆக்கங்களை எழுதிவிட்டு, 1851ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பீட்டர்ஸ்பர்க்கில் ஃபிரேன் காலமானார். மேசையில் எழுதி முடியாத குறிப்புகள் குவிந்திருந்தன. அருங்காட்சியகத்தில் அவருக்குப் பின் பொறுப்பேற்ற டோர்ன், 1826ஆம் ஆண்டு நூலுக்கு அவர் எழுதிவைத்த புதிய பிற்சேர்க்கைகளை 1855இல் பதிப்பித்தார். சவேலியெவ் என்னும் ருசிய நாணயவியலார் அவர் வாழ்வையும் பணியையும் பற்றி அதே ஆண்டில் எழுதினார். சுவீடனில் டோர்ன்பெர்க், ருசியாவில் டீசன்ஹாஸன், பிறகு மார்கோவ் எனப் பணி தொடர்ந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் கீழைத்தேயக் காசுகளை ஸ்டான்லி லேன்-பூல் 1875 முதல் 1890 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்டபோது, காசுகளை மரபுவாரியாக அடுக்கும் முறையை யாருக்கும் புதிதாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

இப்னு ஃபத்லான் நூலுக்கு ஒரு பின்கதை உண்டு. ஃபிரேனின் பதிப்பு வெளிவந்து சரியாக நூறு ஆண்டு கழித்து, 1923இல், பாரசீகத்தின் மஷ்ஹது நகரத்துத் தர்கா நூலகத்தில் ஒரு பழைய சுவடி கண்டெடுக்கப்பட்டது. யாகூத் எடுத்தாண்டதைக் காட்டிலும் விரிவாக, இப்னு ஃபத்லானின் பயணக் குறிப்பு அதில் இருந்தது. கண்டவர் ஸெகி வெலிதி தோகான், பாஷ்கிர் இனத்தவர், இளமையில் காஸான் மதரசாவில் ஆசிரியராக இருந்தவர், ருசியப் புரட்சிக்குப் பின் நாடு விட்டு அலைந்துகொண்டிருந்தவர். அவருடைய பதிப்பும் ஜெர்மன் மொழிபெயர்ப்பும் 1939இல் லைப்ஸிக் நகரில் வெளிவந்தன. ஃபிரேன் நூறாண்டுக்கு முன் வாசித்த பகுதிகளை அதில் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. மஷ்ஹது சுவடியும் முழுமையானதன்று. கடைசி ஏடுகள் இல்லை. தூதுக் குழு பாக்தாத் திரும்பிய பயணம் அந்த ஏடுகளில் இருந்திருக்க வேண்டும்.